எடைமேடைக் கேமராவில் அந்தக் காலை

இன்று பெரம்பலூரில் ஒரு ஆபீசில் டிஸ்க் நிறைந்து கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. எந்தப் புரோகிராம் எந்தப் பைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்க்க lsof என்று தட்டினேன். ஒரு வரியின் கடைசியில் deleted என்று வந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்னமும் உன் ஞாபகம்தான் வருகிறது.

"அழிச்சுட்டா போயிடுச்சுன்னு நெனைக்காதடா. தொறந்த புரோகிராம் வுடுற வரைக்கும் பைல் உள்ளதான் கெடக்கும்" என்பாய். டீக்கடையிலும் இதே பேச்சு. "போதும்டா சாமி" என்று கும்பிடுவேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடும் இடங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதானே நம் இருவருக்கும் பிழைப்பு.

அப்படி ஒரு எடைமேடை வாசலில்தான் ஒரு நாள் காலை லாரி உன்னை அடித்தது. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உன் மனைவி அழக்கூட இல்லை. "குடிச்சிட்டு வுழுந்தாருன்னு சொல்றாங்கண்ணே. நெசமா?" என்று மட்டும் கேட்டாள். பீர் வாசனைக்கே எழுந்து போகிறவன் நீ. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மதியமே எடைமேடைக்குப் போனேன்.

"காலைலேர்ந்து கேமரா ஓடல சார்" என்றார் மேலாளர், என் முகத்தைப் பார்க்காமல். டிஸ்கைச் சரிபார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்தேன். அன்றைய பைலைக் காணோம். lsof தட்டினேன். கேமராப் புரோகிராம் அதை இன்னும் பிடித்திருந்தது, பக்கத்தில் deleted என்ற சொல்லோடு. பைலை அழித்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மேலாளருக்குப் புரோகிராமை நிறுத்தத் தெரியவில்லை. திறந்திருக்கும் பைல்களை எட்டிப் பிடிக்க உதவும் /proc வழியாக உள்ளே போய், அவர் டீ வாங்கிவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். நேராகப் போலீசில் கொடுத்தேன்.

படத்தில் நீ வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றாய். பின்னால் வந்த லாரிதான் உன்னை அடித்தது. குடிகாரன் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. லாரி போன பிறகு கையூன்றி எழுந்து உட்கார்ந்தாய். வந்த வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினாய். ஒவ்வொன்றும் உன்னைச் சுற்றிக்கொண்டு போய் எடைமேடையில் ஏறியது. உன் கை தரையில் விழும்வரை பார்த்தேன்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி கேட்டாள். "ரொம்ப வலிச்சிருக்குமாண்ணே?"

"இல்லம்மா. ஒடனே போயிட்டான். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த மாதம் வழக்கு வருகிறது. கோர்ட்டில் அந்தப் படத்தை முழுசாகப் போடுவார்களாம். "நானும் வரேண்ணே" என்கிறாள். என்ன சொல்லி அவளைத் தடுப்பேன், நீயே சொல்லுடா.