நாலு நாள், நாலு அருவி

என் செல்ல அக்கா செண்பகத்துக்கு,

சிங்கப்பூர் போகலாம் என்று மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. போன வருஷம் நின்றுபோன அதே நாலு நாள் பயணம்தான். நிலாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, கவினுக்கு நாலு. இந்தக் காலாண்டு லீவையும் விட்டால் அப்புறம் பள்ளிக்கூடம், டியூஷன் என்று இழுத்துக்கொண்டே போகும் என்கிறார் இவர். நீ போய் ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். அதற்குப் பயந்து நான் இதை எழுதவில்லை.

முந்தாநாள் சாப்பிடும்போது இவர் கேட்டார், "அங்க போயி பிள்ளைகள யாரு பாத்துக்கிடுவா?" நான் யோசிக்கவே இல்லை. "அக்கா இருக்கால்லா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. சோற்றில் கை வைத்தபடி அழுதேன். உன் நினைப்பில் அழுகிறேன் என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். வெட்கத்தில் அழுதேன் அக்கா. செத்துப்போன பிறகும் உன்னை ஆயா வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

குற்றாலத்துக்குப் போனால் ஒருத்தர் துணிமணி, செருப்பு, போன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மற்ற வீடுகளில் ஆள் மாறும், நம் வீட்டில் மாறியதே இல்லை. சீசனுக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். தென்காசியில் வீடு இருக்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவோம். "நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் பொறவு குளிச்சிக்கிடுதேன்" என்பாய். நாங்கள் தலை துவட்டி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், பிரானூருக்குப் பரோட்டா சாப்பிடக் கிளம்பிவிடுவோம். அந்தப் பொறவு ஒரு நாளும் வந்ததில்லை. அக்காவுக்கு அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும் என்று நானாகவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீ எப்போதாவது அப்படிச் சொன்னாயா?

போன வருஷம் சிங்கப்பூர் என்றதும் உன் முகம் எப்படி ஆயிற்று என்பது நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், கூட்டுறவுச் சங்க ஆபீசும் வீடுமாகவே நாற்பத்தாறு வயதைத் தொட்டவள். இந்தப் பக்கம் திருவனந்தபுரம், அந்தப் பக்கம் மதுரை, அவ்வளவுதான் நீ பார்த்த உலகம். திருநெல்வேலிக்கு அலைந்து பாஸ்போர்ட் எடுத்தாய். கான்வாஸ் ஷூ வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாய். காலில் கொப்புளம் வந்ததற்கு நானும் இவரும் ஒரு வாரம் உன்னைக் கேலி செய்தோம்.

அப்புறம்தான் அந்தத் தாளைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். இவருக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் திருப்தி, உனக்குத் தெரியுமே. இவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, பெருமையாக வேறு கொடுத்தேன். ஒரு ரூமில் நாங்கள் இரண்டு பேர், இன்னொரு ரூமில் அக்காவும் பிள்ளைகளும். முதல் நாள் சாயங்காலம் படகில் நாங்கள், அக்காவும் பிள்ளைகளும் ரூமில். இரண்டாம் நாள் ராட்டினத்தில் நாங்களும் நிலாவும், சின்னவன் பயப்படுவான், அக்கா அவனோடு கீழே. மூன்றாம் நாள் கடைத்தெரு, அக்காவும் பிள்ளைகளும் ரூமில் ஓய்வு. ஓய்வு என்ற வார்த்தையைப் போட்டது நான். உனக்குக் கால் வலிக்குமே என்று அக்கறையாகத்தான் போட்டேன்.

நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாய். "நல்லா போட்டிருக்கிய" என்றாய். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். மூன்று நாள் கழித்து போன் செய்தாய்.

"ஏட்டி சுப்பு, ஆபீசுல ஆடிட்டு வருது. லீவு தர மாட்டாவ. நீங்க போயிட்டு வாங்க."

"நீ வரலன்னா பிள்ளைகள வச்சிக்கிட்டு நாங்க எப்படிப் போறதாம்?"

அதுதான் அக்கா என் வாயிலிருந்து வந்தது. நீ இல்லாமல் என்ன பயணம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீ போனை வைத்தாய். நாங்கள் டிக்கெட்டை ரத்து செய்தோம். கேட்டவர்களிடமெல்லாம் அக்காவால் கெட்டது என்று சொன்னேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு பதினைந்து நாள் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு நீயே கவினுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாய். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினாய். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை.

பதினாறாம் நாள் உன் ஆபீஸ் சிநேகிதி ரஹ்மத் வந்தார், கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி. உன் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பேச்சுவாக்கில், அந்த ஆடிட் மட்டும் வராமல் இருந்திருந்தால் அக்கா ஒரு ஊராவது பார்த்திருப்பாள் என்றேன்.

"ஆடிட்டா? அப்படி ஒண்ணும் வரலையே. செண்பகம் அந்த நாலு நாளும் லீவுல்லா. சிங்கப்பூருக்குன்னு கேட்ட லீவ அவ ரத்து பண்ணல. குத்தாலத்துக்குப் போனேன்னு சொன்னா. ஒரு நாளைக்கு ஒரு அருவியாம்."

"தனியாவா போனா?"

"தனியாத்தான். துணிமணிய என்ன செஞ்சன்னு நானும் கேட்டேன். பக்கத்துல நின்ன யாரோ ஒரு பொம்பளகிட்ட பாத்துக்கிடச் சொன்னாளாம். ஆபீசுக்குத் திரும்பி வந்தப்ப மொகம் அப்படித் தெளிஞ்சு கெடந்துச்சு."

சீசன் முடிந்து கூட்டமில்லாத நாட்கள் அவை. டவுன் பஸ்ஸில் போனாயா? எவ்வளவு நேரம் நின்றாய்? பசி, கிளம்பு என்று யாரும் கூப்பிடாமல் தண்ணீருக்கடியில் நின்றது எப்படி இருந்தது? மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், நாலாவது எது? புலியருவியா, சிற்றருவியா? ரஹ்மத்துக்கும் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி நாலு நாளும் உனக்காக ஓரமாக நின்றிருக்கிறாள். அல்லது நாலு பேர். உன் கூடப்பிறந்தவள் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று இவர் சொன்னார், "எங்க அக்காவக் கூப்பிடுவமா? பிள்ளைகள நல்லா பாத்துக்கிடுவா." இவர் கெட்ட மனசில் சொல்லவில்லை. நானும் போன வருஷம் கெட்ட மனசில் செய்யவில்லையே. மதினியை உனக்குத் தெரியும். கடையத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார், மகன் பட்டாளத்தில். நானே போன் செய்தேன்.

"அதுக்கென்ன, வாரேன். பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சுத்திப் பாருங்க" என்றார். நான் பிள்ளைகளைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை அக்கா.

"அது கெடக்கட்டும் மதினி. ஒங்களுக்கு அங்கன என்ன பாக்கணும்?"

"எனக்கென்ன, நீங்க காட்டுறதப் பாக்கேன்."

"இல்ல, நீங்களா ஒண்ணு சொல்லுங்க."

"இந்த வயசுல எனக்கு என்னத்த?"

மூன்றாவது தடவையும் கேட்டேன். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார், "கப்பல் பாக்கணும் சுப்பு. பெரிய கப்பல். கிட்டத்துல போயி பாக்கணும். தம்பிட்ட சொல்லிராத, சிரிப்பான்."

இவரிடம் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டத்தை மாற்றி எழுதினோம். பிள்ளைகள் எங்கள் ரூமில். மதினிக்குத் தனி ரூம். ஒரு நாள் முழுக்கக் கப்பல், அன்றைக்குக் கவின் என் இடுப்பில், நிலா இவர் கையில். படகும் ராட்டினமும் பிள்ளைகள் விட்டால் பார்ப்போம், இல்லையென்றால் இல்லை.

மதினிக்குச் செய்வது உனக்குச் செய்தது ஆகாது. அந்த ஆறுதலை நான் தேடிக்கொள்ளவும் மாட்டேன். உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இனி என் வீட்டில் யாருக்கும், அவர்கள் வாயால் கேட்காமல், நானாக ஒரு இடத்தை ஒதுக்கி வைக்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்னாலும் மறுபடி கேட்பேன்.

மதினி மூன்றாவது தடவையில் சொன்னார். நீ இரண்டாவது தடவையிலேயே சொல்லியிருப்பாய். நான்தான் அக்கா, உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கை சுப்பு