மா கின் யார் பங்கு?

ஏப்ரல் 20, திங்கள். 1942

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டு ராஜம் மாமி வாசல் பெருக்கி, தெளித்து, கோலம் போட்டாயிற்று. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து அவர்கள் கும்பகோணம் ஓடியதிலிருந்து இந்த வேலை என் தலையில்.

சாவியைக் கையில் திணித்துவிட்டு மாமி சொன்னது: "ஆத்துல இருட்டு இருக்கப்படாது பிலோமினா. சாயங்காலம் முன்கூடத்துல ஒரு விளக்கு வை. சமையலுள்ளையும் பூஜையுள்ளையும் பூட்டிண்டு போறேன், அந்தப் பக்கம் வேண்டாம்." வேதக்காரி கோலம் போட்டால் லட்சுமி வருவாளா என்று மாமியின் கணவர், வக்கீல், கேட்டாராம். பெருக்காத வீட்டுக்கு மட்டும் வந்துவிடுவாளா என்று மாமி வாயை அடைத்துவிட்டாள்.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. பள்ளிக்கூடமும் மூடிக் கிடக்கிறது. டீச்சருக்கு வேலை இல்லை. சோறு வைக்க ஆளில்லாமல் காக்கைகள் என் பின்னாலேயே வருகின்றன. ரிக்‌ஷா மாணிக்கம்: "ஊரே காலியா கீது டீச்சர். ஜப்பான்காரன் வந்தா யாரைப் புடிப்பான்? உன்னியும் என்னியுந்தான்."

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய் (கிடைத்தால்). மை. ஜன்னலுக்கு ஒட்டக் கறுப்புக் காகிதம். கருவாடு. மாமி ஊரில் இல்லாதபோது பொரித்தால்தான் உண்டு.

ஏப்ரல் 22, புதன்

புழுக்கம். தி. நகரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் பர்மா அகதிகள் முகாம். மாதா கோயில் சபைப் பெண்களோடு கஞ்சி ஊற்றப் போனேன். வகுப்பறை முழுக்க மனிதர்கள். கரும்பலகையில் யாரோ போட்ட பெருக்கல் கணக்கு அழிக்காமலே இருக்கிறது.

மூலையில் செல்லம்மாள். ராமநாதபுரத்துப் பக்கம். ரங்கூனில் அச்சாபீஸில் வேலை செய்த தம்பியோடு இருந்தவள். மலைவழி நடந்து வந்திருக்கிறார்கள். தம்பி வழியிலேயே காலராவில் போய்விட்டான். மிச்சம் மூன்று பேர்: இவள், தம்பி மனைவி மா கின், பால் மறக்காத பெண் குழந்தை வள்ளி. மா கின் பர்மாக்காரி. கொஞ்சம் தமிழ் புரியும், பேச வாய் வராது.

இனி எழுதவே கை கூசுகிறது. முகாமை மூடப் போகிறார்கள். இந்தியர்களுக்கு அவரவர் ஊருக்கு ரயில் சீட்டு. செல்லம்மாளுக்கும் குழந்தைக்கும் உண்டு. மா கின்னுக்கு இல்லை. அவள் வேறு நாடு. வடக்கே அவர்களுக்கென்று தனி முகாமாம், அங்கே அனுப்புவார்களாம்.

அதிகாரியிடம் சண்டைக்குப் போனேன். கோட்டு, வியர்வை, தூங்காத கண். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியவில்லை. "குழந்தை தகப்பன் வழி, நம்ம பொறுப்பு. தாய் நம்ம பொறுப்புல வரலை. சட்டத்தை நான் போடலை அம்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊர்ல சொந்த வீடு உள்ளவங்க யாராவது ஏத்துக்கிட்டா மூணு பேரையும் விட்டுடலாம். சனிக்கிழமைக்குள்ள."

செல்லம்மாள்: "புள்ளைய எங்கையில குடுத்துட்டு, பெத்தவளை வேற ரயில்ல ஏத்துவாகளாம். இது எந்த ஊரு நாயம் டீச்சர்?"

எனக்கு இருப்பது வாடகைக்கு ஒரே அறை. செல்லாது.

ஏப்ரல் 23, வியாழன்

கோயில் கூடத்தில் கூட்டம், நான் கூட்டியது. பங்கு சபைப் பெரியவர் அந்தோணிசாமி தலைமை. அவர் இல்லாமல் இங்கே ஒரு மெழுகுவத்தி எரியாது. எங்கள் தெருக்காரர்கள் சிலர், கச்சேரி ரோட்டுத் துணிக்கடை கரீம் பாய், மாட வீதியிலிருந்து ஊரை விட்டு ஓடாத இரண்டு ஐயர்கள்.

அந்தோணிசாமி எழுந்து உலக வரைபடத்தையே விரித்துவிட்டார். "பர்மா நம்மகிட்டேருந்து பிரிஞ்சு போயாச்சு. இப்ப அது தனி நாடு. சிலோன் பக்கத்துல இல்லையா? சயாம் இல்லையா? ஒவ்வொரு நாடும் தன் பங்கை எடுத்துக்கட்டும். அப்புறம் டில்லி எடுக்கட்டும். மிச்சம் இருந்தா நாம பார்க்கலாம்."

சயாமில் ஜப்பான்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அது அவர் காதில் ஏறவில்லை.

மாட வீதிக்காரர்: கிறிஸ்தவர் தெரு எடுக்கட்டும், அவர்களுக்குத்தான் கோயில் கூடம் இருக்கிறது. எங்கள் தெரு: பாய்மார் தெரு எடுக்கட்டும், ரங்கூனோடு வியாபாரம் செய்தவர்கள் அவர்கள்தானே. கரீம் பாய்: "எடுக்கிறேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள என் தலையில கட்டுறீங்களே."

பங்கு பிரிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒருத்தன் தலையில் மொத்தத்தையும் வைப்பது அநியாயம். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் அளப்பது பக்கத்து வீட்டுக்காரன் பங்கை. தன் வீட்டு நடை எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாது. முதலில் தன் கதவைத் திறந்தவன்தான் அடுத்தவன் கதவைத் தட்டலாம். இதைச் சொன்னேன். "டீச்சருக்குக் கோபம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். ஆமாம், கோபந்தான்.

ஏப்ரல் 25, சனி

செய்துவிட்டேன்.

காலையில் முகாமுக்குப் போய், சொந்த வீடு இருக்கிறது என்றேன். யாருடையது என்று கேட்டார் அதிகாரி. வக்கீல் வீடு, மாமி சம்மதம் என்றேன். பொய்தான், முகத்தில் துளியும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பெயர்களைக் குறித்துக்கொண்டார். "வியாழக்கிழமை நேர்ல வருவேன். வீட்டுக்காரங்க இருக்கணும். இல்லேன்னா அன்னிக்கே அழைச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

மாணிக்கம் ரிக்‌ஷாவில் மூன்று பேரும் ஒரு மூட்டையும். காசு வாங்க மாட்டேன் என்றான். "நம்ம தெருவுக்கு ஜனம் வந்துகினு கீதே, அத்தப் பாக்கவே நல்லா கீது."

முன்கூடத்தில் பாய் விரித்தேன். மா கின் வாசலில் கால் வைக்காமல் நின்றாள். கோலத்தை மிதிக்கக் கூடாது என்று சுற்றி வந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? புருஷனாக இருக்கும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பூசைக்குப் பின் கரீம் பாய் வீட்டிலிருந்து அடுப்பு, பெரிய அண்டா, இரண்டு கைலி. பின்கட்டுத் தென்னை அடியில் சமையல். சமையலுள் பூட்டை நான் தொடவில்லை. யாரையும் தொட விடவில்லை.

மத்தியானம் ஒரு நாற்றம். அப்பப்பா. மா கின் மூட்டையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்திருக்கிறாள். பர்மாக்காரர் மீன் விழுது. கருவாடு தின்று வளர்ந்த எனக்கே கண்ணில் தண்ணீர். ராஜம் மாமி வீட்டுப் பின்கட்டில் மீன். ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கி, கரீம் பாய் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வேண்டும்போது அங்கே போய்ச் சாப்பிடு என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மலை முழுக்க அதைச் சுமந்து வந்தாளாம், புருஷனுக்குப் பிடித்ததாம். செல்லம்மாள் பிறகுதான் சொன்னாள். என் அவசர புத்தி.

அதனால் நானும் பாய் வீட்டுக்கு அவளோடு போய் உட்கார்ந்து அந்த விழுதை ஒரு கவளம் சாப்பிட்டேன். மோசமில்லை. பாயம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். மா கின்னும் சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சனிக்கிழமையே மாமிக்குத் தந்தி அடித்தேனே, கும்பகோணத்திலிருந்து பதில் இல்லை. போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. வழியில் அந்தோணிசாமி: "நாளான்னிக்கு அதிகாரி வர்றாராமே. மாமிய எங்க கொண்டாந்து நிறுத்துவீங்க டீச்சர்?" குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

குழந்தைக்குப் பேதி நின்றது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி கடன்.

ஏப்ரல் 30, வியாழன்

ஜெயித்தோம். மை போனால் போகட்டும், இன்னொரு முறை: ஜெயித்தோம்.

வரிசையாக எழுதுகிறேன். காலையில் வாசலில் குதிரை வண்டி. அதிகாரி என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனால், ராஜம் மாமி. தனியாக. ஒரு டிரங்குப் பெட்டி. மூக்கு நுனி சிவந்திருக்கிறது. முன்கூடத்தில் மா கின் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். செல்லம்மாள் எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். தந்தி கிடைத்ததா என்றேன். எந்தத் தந்தி என்றாள் மாமி.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமி கேட்டது:

"சமையலுள்?"

பூட்டியது பூட்டியபடி.

"எங்க சமைக்கறா?"

தென்னை அடியில்.

"மழை வந்தா?"

அதற்கு நான் யோசித்திருக்கவில்லை. மாமி ஊஞ்சலில் உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தது பாருங்கள். "கும்மோணத்துல மச்சினி ஆத்துல நாலு குடும்பம். கிணத்தடிக்கு முறை, காப்பிக்கு முறை. தயிர்ல தண்ணி. அவ பொண்ணு வாசல்ல நின்னுண்டு சொல்றா, மெட்ராஸ் அகதியெல்லாம் இன்னும் சாப்பிட்டு முடியலைன்னு. என்னைச் சொல்றா பிலோமினா. அகதியாம். அவளுக்குக் கல்யாணத்துக்கு ஒட்டியாணம் பண்ணிப் போட்டது நான். பெட்டியத் தூக்கிண்டு வந்துட்டேன். குண்டு விழறதா, எங்காத்துக் கூரையில விழட்டும். மாமா அங்கேயே இருந்து முறைப்படி குளிக்கட்டும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறேன், அதிகாரி உள்ளே வருகிறார்.

"இந்த வீட்டுக்காரங்க?"

"நான்தான்."

"இவங்க உங்க சம்மதத்தோடதான் இருக்காங்களா?"

மாமி மா கின்னைப் பார்த்தாள். குழந்தை எண்ணெய் பளபளக்கக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது.

"பின்னே? எங்காத்து முன்கூடத்துல என்னைக் கேக்காம உக்காருவாளா?"

அதிகாரி விடவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டுமே. "இந்தப் பெண் பர்மா நாட்டவங்க. பல நாடுகள் சேர்ந்து பொறுப்பேத்துக்க வேண்டிய விஷயம் இது."

"வாஸ்தவம். எல்லாரும் ஏத்துக்கட்டும். பக்கத்தாத்துல நெருப்புன்னா, தெருக்கோடி ஆத்துக்காரன் எத்தனை குடம் ஊத்தினான்னு விசாரிச்சுண்டா நிப்பேள்? நம்ம குடத்தை ஊத்திட்டு அவனைக் கூப்பிடணும். வர வரைக்கும் விடாமக் கூப்பிடணும். இந்தக் குழந்தையையும் அம்மாவையும் பிரிக்கறது எந்த நாட்டோட பங்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கோ."

அவர் பேனாவைத் திறந்தார். மூவரும் இங்கேயே என்று எழுதி, மாமியிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது வாசலில் நின்று, "நிம்மதியா இருக்கு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

செல்லம்மாள் நடந்ததைப் பர்மா பாஷையில் சொன்னாள். மா கின் தவழ்ந்து வந்து நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். மாமி காலை இழுத்துக்கொண்டாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம், "குழந்தை காதுல எண்ணெய் விட வேண்டாம்னு சொல்லு. சளி பிடிக்கும்" என்றாள்.

மீன் டப்பாவைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. அது இன்னொரு நாளுக்கு.

மே 3, ஞாயிறு

காற்றே இல்லை. கோயில் கூடத்தில் மறுபடி கூட்டம். ராஜம் மாமி வந்தாள். கோயில் கூடத்துக்குள் மாமி! நாற்காலியை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகாமில் இன்னும் மா கின் மாதிரி சில குடும்பங்கள் இருப்பதைச் சொன்னேன்.

அந்தோணிசாமி மறுபடி சிலோன் என்று ஆரம்பித்தார். மாமி கேட்டாள்: "உங்க மாட்டுப்பொண்ணும் பேரக் குழந்தைகளும் இப்ப எங்க இருக்கா?" திருச்சியில், சம்பந்தி வீட்டில். "அவா பங்குக்குத்தான் எடுத்துண்டாளா, இல்லே சும்மாவே எடுத்துண்டாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "மாடி காலியாத்தான் கிடக்கு," என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்தது. கரீம் பாய் கடைக்கு மேல் இரண்டு அறை. மாட வீதி ஐயர் மாட்டுக்கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறாராம். முடிவில் கச்சேரி ரோட்டுக்காரர்கள் சண்டை: எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் குறைவு? என் ஆயுளில் இப்படி ஒரு சண்டையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்ததே.

அந்தோணிசாமியே சொன்னார், சர்க்காருக்கு ஒரு மனு போடலாம், சிலோனும் மற்றவர்களும் தங்கள் பங்கை எடுக்க வேண்டுமென்று. நான் எழுதித் தருகிறேன் என்றேன். இப்போது கேட்கலாம். கூசாமல் கேட்கலாம்.

வீட்டுக்கு நடந்து வந்த மாதிரியே இல்லை, பறந்த மாதிரி. வழியெல்லாம் பாட்டு. நாற்பத்திரண்டு வயதில்.

மே 9, சனி

கத்திரி வெயில். கல்கத்தாவிலிருந்து ரயில் வருகிறது என்று சேதி. அண்டாவில் கஞ்சி, மாணிக்கம் ரிக்‌ஷாவில். மாமி மோர் கரைத்துக் கொடுத்தாள்: "அதுல தண்ணி விட்டுடாதே, நான் கும்மோணத்துக்காரி இல்லே." மா கின் தானும் வருவதாகக் கை காட்டினாள். பர்மாக்காரப் பெண்கள் இறங்கினால் பேச ஆள் வேண்டுமே என்று செல்லம்மாள் விளக்கினாள்.

சென்ட்ரல் ஸ்டேஷன். நெரிசல். ரயில் நின்றதும் இறங்கிய முகங்கள்; எழுத வேண்டாம். மா கின் ஒவ்வொருவராகப் பார்த்து மோர் நீட்டினாள். கைலியும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக இவளும் முன்னால் வந்த அகதிதான் என்று கண்டுகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு தமிழ்ப் பெண் கேட்டாள்: "உங்களை எந்த முகாமுல போட்டாங்க?"

நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் மா கின், தமிழில்:

"முகாம் இல்லை. மயிலாப்பூர்."

சொல்லிவிட்டு அந்தக் குழந்தைக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றினாள்.