லைன் சரியான பிறகு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

ஆமாம், அப்பாவேதான். போன வருடம் வரை கைநாட்டு வைத்தவன், இப்போது முழுக் கடிதமே எழுதுகிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஞ’ வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன். நீயும் மெதுவாகப் படி.

இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலிதான் என்னைவிட நலமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நாம் அதில் முகம் பார்த்துப் பேசும்போது நடுவில் படம் நின்றுவிடுமே, அதற்கு முதலில் உன் அண்ணியைத்தான் சந்தேகப்பட்டேன். வீடு கூட்டும் சாக்கில் ஒயரைப் பிடுங்கிவிடுகிறாளோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். “ஆமா மாமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க, ஒயரப் பிடுங்கிக் காயப்போடுறேன்” என்றாள். கையோடு மெக்கானிக்கையும் கூட்டிவந்தாள்.

அடுத்த சந்தேகம் அவர்மேல். பெட்டியைத் திறக்கவில்லை, திருப்புளியைத் தொடவில்லை. உட்கார்ந்து மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார். இது என்ன ரிப்பேர் என்று பக்கத்திலேயே காவல் நின்றேன். ஒயரில் கோளாறு இல்லையாம். ஒயர் வந்து சேரும் நெட்வொர்க் கார்டை நடத்துவதற்கு உள்ளே டிரைவர் என்று ஒரு புரோகிராம் உண்டாம், அதன் அமைப்புதான் சரியில்லையாம். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டு அடிக்கடி கண்ணயர்ந்துவிடுகிறதாம். போதாததற்கு, ஒரு பக்கம் அனுப்பி முடித்தால்தான் மறுபக்கம் அனுப்பலாம் என்று யாரோ மாற்றி வைத்திருந்தார்களாம். அவர் தூக்கத்தை நிறுத்தினார், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போகவர விட்டார், வேகத்தைக் கூட்டினார், புது டிரைவரும் போட்டார். “இனிமே நின்னா என் சட்டையப் பிடிங்க பெரியவரே” என்றார்.

நான் நம்பவில்லை. உன் அண்ணனை வேலையிடத்திலிருந்து கூப்பிடச் சொன்னேன். மதியச் சாப்பாடு முழுவதையும் திரையில் எங்கள் முன்னாலேயே மென்று முடித்தான். ஒரு வாய்கூட நிற்காமல் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தாய். மாப்பிள்ளையைக் காணோமே, ஏதாவது சண்டையா என்று கேட்டேன். உன் படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல். முன்பும் இதே கேள்வியில்தான் நின்றது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மெக்கானிக்கைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பார்த்துவிட்டேன். உனக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்த உன் அண்ணியிடம், லைன் போய்விட்டது என்று சொன்னேன். மெக்கானிக்கை ஒரு பிடி பிடிக்கிறேன் என்று கிளம்பியவளைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பாவம் அந்த மனிதர், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

இதை உன் வேலையிடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வரும் தபாலை யார் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ பதில் எழுத வேண்டாம். அழைப்பிலும் இனி அதைக் கேட்க மாட்டேன். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க எங்கே பழகினாய் அம்மா?

கிளம்பி வந்துவிடு. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கைவீசி நடந்து, வாய்விட்டுச் சிரித்து, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா.