பின்சுவர் தெரிய வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

மெய்ப்பு பார்க்க இருபத்திரண்டு பக்கம் கிடந்தது. மத்தியானம் அப்பா ஃபோன் செய்தார். கிடங்கில் மூட்டை இறக்கும் நேரத்தில் அவர் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. நாங்கள் கொடுத்த நாற்பத்தொரு வீட்டுப் படங்களையும் வீட்டுவசதி அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டதாம்.

சாயங்காலம் கட்டடமே படிக்கட்டில் கூடியிருந்தது. குமாஸ்தா சொன்னதை அப்பா அப்படியே ஒப்பித்தார். "முகம் தெரியணும், கையில புடிச்ச அட்டையில கதவு நம்பர் தெரியணும், பின்சுவர் தெரியணும். மூணும் ஒரே படத்துல."

எங்கள் வீடுகளுக்கு ஜன்னல் கிடையாது. இடிக்கப்போகும் கட்டடம் என்று மின்சாரத்தையும் போன மாதமே துண்டித்துவிட்டார்கள். கைபேசிப் படங்களில் முகம் மட்டும் மிதக்கிறது, பின்னால் கருப்பு. வீடா கிணறா என்று நமக்கே தெரியாது.

இருபத்தொன்றாம் தேதி ஐந்து மணிக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். படம் இல்லாத வீட்டுக்கு மாற்று வீடு இல்லை.

ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்தார்கள். முதல் வளைவில் கம்பி தெரியும் படியைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குங்க" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். என் பெயரே டிகிரிதான். "டிகிரி, உங்க பத்திரிகை ஆபீஸ்ல கேமரா இருக்குமே?" என்று கேட்டாள் ஒன்பதாம் எண் வீட்டு அக்கா. தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 6, வியாழன்

பத்திரிகை ஆசிரியரம்மா பீரோவைத் திறந்து தன் சொந்தக் கேமராவையே எடுத்துக் கொடுத்தார். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்குள் ஒரு முகம் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ்.

"இதோட ஃப்ளாஷ் தொலஞ்சு போச்சும்மா. அந்தக் கம்பெனி இப்போ செய்யறதும் இல்ல. பொருந்தறதா பாத்து வாங்கு. மேல சொருகற இடம் எல்லாத்துலயும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அத நம்பாத. இது கெட்டா உதிரி கிடைக்காது."

சரிங்கம்மா என்றேன். எதைப் பார்த்தால் பொருந்துவது தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். சரிங்கம்மா, சரிங்கம்மா. இதற்கு ஒரு பட்டம்.

மார்ச் 7, வெள்ளி

கேமராக் கடை. எனக்கு முன்னால் இரண்டு பேர் என்னென்னவோ எண்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. ஃப்ளாஷ் வேண்டும் என்றேன்.

"என்ன கேமராங்க?"

கேமரா பைக்குள்தான் இருந்தது. வெளியே எடுத்தால் ஏதாவது கேட்பார், எனக்குப் பதில் தெரியாது, அந்த இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். "டிஜிட்டல்தாங்க" என்றேன். அவர் மூன்றை மேசையில் வைத்தார். பெரியதைக் காட்டி, "இதான் இப்ப போயிட்டிருக்கு. உங்களுதுக்கு வருமா?" என்றார். வரும் என்றேன். நான் சொன்னேன், வரும் என்று. எல்லோரும் கூட்டிக் கொடுத்த பணம்.

மார்ச் 8, சனி

வீட்டில் மாட்டினேன். கச்சிதமாக உள்ளே போனது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

மூன்று தடவை அழுத்தினால் ஒரு தடவை எரிகிறது. எரிந்தால் அம்மாவின் முகம் சுண்ணாம்பு. கையிலிருக்கும் அட்டையில் எண்ணே இல்லை. எரியாவிட்டால் கேமரா அப்படியே உறைந்துபோகிறது, பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது.

"நான் வேணா பவுடர் போடாம நிக்கட்டுமா?" என்கிறாள் அம்மா.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பதாம் எண் அக்காவிடம் முதலில் போனேன். தைக்கும் கம்பெனியில் ஞாயிறும் வேலை உண்டு, எனக்காக லீவு போட்டிருந்தாள். தலைக்குக் குளித்து, சலவைப் புடவை கட்டி, அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தனியாக இருப்பவள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அவளைத் தவிர ஆள் கிடையாது.

பதினான்கு தடவை அழுத்தினேன். எரிந்தது நான்கு. ஃப்ளாஷ்மேல் கைக்குட்டையைக் கட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம் எரியவே இல்லை.

"வயித்து வலி வேற, ரொம்ப நேரம் நிக்க முடியல டிகிரி. நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்றாள். வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் படுக்கைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அந்த நான்கு படங்களையும் அழித்தேன். யாராவது பார்த்தால் அவமானம்.

மார்ச் 10

கடைக்குப் போகவில்லை. தெரு முனை வரை போனேன்.

மார்ச் 11

இன்றும் முனை வரைதான். உள்ளே அதே ஆள். "வரும்னு நீங்கதானே சொன்னீங்க" என்பார். என்ன சொல்வேன்?

படியேறும்போது எல்லா வாசலிலிருந்தும் ஒரே கேள்வி: "எங்களுக்கு எப்போ டிகிரி?" வேலை நடக்கிறது என்கிறேன். எந்த வேலை? பத்து நாள் இருக்கிறது. பத்தே நாள்.

மார்ச் 12, புதன்

அப்பா சட்டைக்குள் எதையோ மறைத்து எடுத்து வந்தார். கிடங்கில் பழைய சாமான்களோடு கிடந்த ஃப்ளாஷ், கைப்பிடி அளவு இரும்பு. துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். நான் எதுவுமே சொல்லாதபோது இவருக்கு எப்படித் தெரிந்தது? "நீ சோறு திங்கற லட்சணத்துலயே தெரியுதே" என்றார்.

மாட்டப் போனேன். கேமராவின் மேலேயே வைத்துவிட்டேன், தள்ளத்தான் பாக்கி. இது கெட்டா உதிரி கிடைக்காது என்ற ஆசிரியரம்மாவின் குரல் காதில் விழுந்தது. எடுத்துக்கொண்டு முப்பத்தொன்றாம் எண் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பேட்டரி போட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியை அடிப்பக்க நடு ஊசியிலும் இன்னொன்றை ஓரத்து இரும்பிலும் வைத்தார். இருநூற்றுப் பத்து வோல்ட். கேமராவின் கையேட்டில் இருபத்துநாலுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது.

"வச்சு அழுத்தியிருந்தேன்னா அவ்ளோதான், கேமராவுக்குப் பாடை கட்டியிருக்கலாம். யாரு குடுத்தது?"

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். "சும்மா கெடந்துச்சுன்னு எடுத்தேன்" என்றார். அப்புறம் அதை வாங்கித் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

ஒன்பதாம் எண் பூட்டியிருக்கிறது.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததாம், படுக்கை காலி, உடனே வா என்று. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பையோடு போய்விட்டாள். ஆபரேஷன், அப்புறம் தங்கச்சி ஊரில் ஓய்வு. ஒரு மாதம் ஆகும்.

வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது, ஆள் இல்லை. முகம் தெரிய வேண்டுமே.

திங்கட்கிழமை கடைக்குள் போயிருந்தால் செவ்வாய் எடுத்திருக்கலாம். செவ்வாய் போயிருந்தால் புதன். நேத்து சாயங்காலம்கூட அக்கா வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தா. நான் தலையக் குனிஞ்சுகிட்டுத் தாண்டிப் போனேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 14, வெள்ளி

அலுவலகத்துக்கு லீவு. கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஷட்டர் பாதி ஏறும்போதே கேமராவை நீட்டினேன்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. அன்னைக்குத் தெரியும்னு பொய் சொன்னேன்."

அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அவர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். "இந்தக் கேமராவுக்கா அத வாங்கிட்டுப் போனீங்க? காட்டியிருந்தா ரெண்டு நிமிஷ வேலைம்மா!"

ரெண்டு நிமிஷம்.

பெரிய ஃப்ளாஷைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஐந்து ஊசிகள். நடு ஊசி 'எரி' என்று சொல்வதற்கு, அது எல்லாக் கம்பெனிக்கும் பொது. சுற்றியிருக்கும் நான்கும் எவ்வளவு எரிய வேண்டும் என்று பேசுவதற்கு. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு பேச்சு. "ரெண்டும் ஆளுக்கொரு பாஷையில சண்ட போட்டிருக்கும், அதான் உறைஞ்சு நின்னிருக்கு."

பிறகு அன்று மூன்றாவதாக வைத்த சின்னதை எடுத்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்காதது. அடியில் ஒரே ஊசி. மீட்டரில் ஐந்து வோல்ட்.

"இது பேசாது. சொன்னா எரியும், எப்பவும் ஒரே அளவு. கணக்கு நீங்கதான் போடணும். ஆனா உங்க லென்ஸ்லயே தூரம் எழுதியிருக்கு பாருங்க. முகம் ரெண்டும் ஒண்ணாச்சுன்னா அது எத்தன மீட்டர்னு காட்டும். இந்த ஃப்ளாஷோட பலம் இருபத்தஞ்சு, அத அந்தத் தூரத்தால வகுங்க. மூணு மீட்டர்னா எட்டு. லென்ஸ் துவாரத்த எட்டுல வைங்க, அவ்ளோதான். ஷட்டர் வேகம் நூத்தி எண்பதுக்கு மேல போகக் கூடாது, போனா பாதிப் படம் கருப்பு."

"பின்சுவர் தெரியணுங்க."

"அப்போ ஆளச் சுவரோட ஒட்டி நிக்க வைங்க. ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம் விழும்."

இன்னும் ஆறு கேள்வி கேட்டேன். பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்தார்.

மார்ச் 15, சனி

அம்மா. மூன்று மீட்டர், எட்டு. முகம், எண், சுவர். சுவரில் நான் எட்டாம் வகுப்பில் எழுதிய வாய்ப்பாடுகூடத் தெரிகிறது.

இன்று பதினோரு வீடு.

மார்ச் 18

இருபத்தொன்பது. வேலைக்குப் போகிறவர்களைக் காலை ஐந்தரைக்கே நிற்க வைக்கிறேன். இந்தக் கேமராவில் அழுத்தும்போதும் ஜன்னல் இருட்டாவதில்லை. வெளிச்சம் முகத்தில் விழும் அந்த நொடியை நான் பார்க்கிறேன், கண் மூடினால் உடனே தெரிந்துவிடுகிறது. "இன்னொரு தடவ நில்லுங்க மாமா" என்று என்னால் சொல்ல முடிகிறது.

ஒன்பதாம் எண்ணைத் தாண்டும்போது மட்டும் படிகளை எண்ணிக்கொண்டு போகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

நாற்பது படங்களைக் கொடுத்தோம். குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இப்பத்தான்யா வீடுன்னு தெரியுது" என்றார். அப்பா என் தோளைத் தட்டினார்.

"ஒம்பது எங்க?"

ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன்.

"சுவர் தெரியற படம் ஒண்ணுகூட இல்லையா? மோசமா இருந்தாலும் பரவால்ல, தேதியோட ஒண்ணு இருந்தா மனுவுல சேத்துக்கலாம்."

நான்கு இருந்தன. ஒன்பதாம் தேதி போட்ட நான்கு. கேமராக் கார்டில் அழித்த இடத்தின் மேலேயே நாற்பது வீட்டையும் எடுத்துவிட்டேன்.

இல்லைங்க என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நாற்பது. எட்டுக்குக் கீழே பத்து.

அக்கா நேற்றுதான் வந்தாள், பாதி ஆளாக. இன்று பட்டியலைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். நான் அதையே பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, தெரு முனை, இரண்டு நாள், அழித்த படங்கள்.



"கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கா ரெண்டு நாளு?"

"ஆமாக்கா."

"நான் கேக்காம மெஷின்ல கைய வுட்டு நாலு தையல் போட்டுக்கிட்டவ. இப்பத் தெரியாததக் கேக்க எனக்கே வெக்கமில்ல. உனக்கு என்னடி வெக்கம்?"

போ என்றாள். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22

அக்கா என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போகிறாள்.

ஏப்ரல் 24

வீட்டுவசதி அலுவலகக் கவுன்ட்டர். ஒன்பதாம் எண்ணுக்காக எழுதியே கொடுத்தேன்: படம் கெட்டது என் அறியாமையால், மார்ச் ஒன்பதாம் தேதி அவர் அந்த வீட்டில், அந்தச் சுவரின் முன் நின்றதைப் பார்த்தவள் நான். எல்லோருக்கும் கேட்கும்படி குமாஸ்தா அதை வாய்விட்டுப் படித்தார். நான் எழுந்து ஓடவில்லை.

"மேல அனுப்பறேன். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

மே 12, திங்கள்

கட்டடத்தைக் காலி செய்தோம். லாரியில் கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒன்பதாம் எண் வாசலில் நின்று, "எங்க வீட்டுக்குத்தான வர்ற, உன் பொட்டிய நீயே தூக்குவியா, இவரத் தூக்கச் சொல்லட்டுமா?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

புது வீட்டில் ஜன்னல் இரண்டு. காலையில் குளியலறைக்கு நான்கு பேர் வரிசை. அப்பாவுக்குத்தான் எப்போதும் கடைசி இடம்.

இன்று கவுன்ட்டருக்கு ஆறாவது தடவை. மனு எந்த மேசையில் இருக்கிறது, யார் கையெழுத்து பாக்கி, நேரில் யாரைப் பார்க்கலாம் என்று ஏழு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் முதல் கேள்வியைச் சொல்லிப் பார்த்தேன்.

பாய் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள்.