திருப்பியது என் கை

இன்று காலை தொழிற்பேட்டை எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குறுக்கே வந்த சைக்கிள்காரர் திட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் டயர் கருகிய வாசனை மூக்கில் ஏறியதும் என் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டுவிட்டன. பக்கத்தில் நின்ற பெண், "இன்னாக்கா, மயக்கமா? உக்காருங்க" என்று தோளைப் பிடித்தாள். நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நம் கம்பெனியில் செக்கிங் மேஜையில் எதிரெதிரே நின்று சட்டைகளில் நூல் வெட்டிய பன்னிரண்டு பெண்களில் கார் ஓட்டத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பழைய வெள்ளைக் கார். முத்தாபுதுப்பேட்டையில் உன் வீட்டில் அதற்காக எத்தனை சண்டை! "பஸ்ல நசுங்கியே என் உசிரு பூடும் போல கீதுடி. நானே ஓட்டிக்கினு போறேன், யாருக்கு இன்னா?" என்பாய். தினமும் என்னைக் கள்ளிக்குப்பத்தில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாய். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவாய். "அவன் போவட்டும். நமக்கு இன்னா அவசரம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ மெதுவாகத்தான் ஓட்டினாய். திருநின்றவூரில் நம் லைன் சூப்பர்வைசர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் உன் இடப்பக்கம். சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நீ அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டாய். வண்டி வேகம் குறைந்ததை என் உடம்பு உணர்ந்தது. இருந்தும் நான் அலறிக்கொண்டு, எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். ஓரமாக ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. கட்டில் காலடியில் நெற்றியில் தையலோடு நீ நின்றிருந்தாய். என் வீட்டுக்காரர் குனிந்து, "எப்பிடிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"நாய் வந்துச்சு. அவ திருப்பிட்டா."

நான் அதைச் சொன்னேன். மயக்க மருந்தின் மேல் பழி போட்டுப் பல நாள் பார்த்தேன். இல்லை. தெளிவாகத் தெரிந்துதான் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு போலீஸ்காரர் வந்து கேட்டபோது உன் குரல் கேட்டது: "ஆமா சார். நான்தான் திருப்பிட்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் போனது எனக்குப் புரிந்தது. குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல். கக்கூஸுக்குப் போக ஒரு தோள். இல்லாத கால்விரல்கள் அரித்தன. சொறியக் குனிந்தால் மெத்தையில் கை விழும். வீட்டுக்காரர் வேலைக்குப் போய் வருகிற வரை தண்ணீர் குடிக்காமல் கிடந்த நாட்கள் உண்டு. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எல்லாக் கோபத்தையும் உன் மேல் திருப்பிவிட வசதியாக இருந்தது.

ஷிப்ட் முடிந்து நீ முதல்முறை வந்த சாயங்காலம் அவர் உன்னை வாசலிலேயே மறித்தார். "கார் ஓட்ற மூஞ்சப் பாரு! என் பொண்டாட்டிய நொண்டியாக்கிட்டு இப்ப சாத்துக்குடி வாங்கினு வர்றியா?" எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். வாயைத் திறந்தால் போதும். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. நீ ஏதாவது சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான் அது, உனக்காக அடித்துக்கொள்ளவில்லை.

"ஆமாண்ணா, என் தப்புதான்" என்றாய். "கட்டு மட்டும் மாத்திட்டுப் போறேன். அவளுக்கு வேற ஆள் இல்ல."

அவர் வழிவிடவில்லை. மறுநாளும் வந்தாய். அதற்கடுத்த நாளும். நான்காவது நாள் அவரே சோர்ந்து ஒதுங்கினார். நீ கட்டிலோரம் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட இடத்தைத் துடைத்து, எலாஸ்டிக் துணியைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றினாய். நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ உன் பாட்டுக்குக் கம்பெனிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் கார் ரிப்பேராகி வந்தும் சந்தில் படுதா போட்டு நிற்கிறது என்பதையும், சாவியை உன் வீட்டுக்காரர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் என்பதையும் நீ சொல்லவில்லை. வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

செயற்கைக் கால் பொருத்திய பிறகு நடைப் பயிற்சிக்கு நீதான் கூட்டிப் போனாய். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்று நான்கு அடி வைப்பதற்குள் ரவிக்கை வியர்வையில் நனைந்துவிடும். ஒருநாள் கால் நழுவி உன் மேலேயே விழுந்தேன். உன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையில்தான், முதல்முறை சொன்னேன்: "நான்தானே இழுத்தேன். ஊட்ல சொல்லிட்றேன்."

நீ என்னை நிமிர்த்தி நிறுத்தினாய். "இப்ப வாணாம். இப்ப அந்தாளு உன்னைத் தூக்கினு போவணும், கழுவி உடணும். அவரு கோபம் என் மேல இருக்கட்டும். மொதல்ல நட. அப்பாலிக்கா பாத்துக்கலாம்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. நீ கொடுத்த தவணையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடந்தேன். படியேறினேன். பஸ் ஏறினேன். கம்பெனியில் நாற்காலி போட்டுப் பட்டன் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். எல்லாம் முடிந்தும் நான் வாய் திறக்கவில்லை. உன் கார் சந்திலேயே நிற்க, பஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் நீ வேலைக்கு வந்தாய்.

மூன்று வருடம் ஓடிய பின் உனக்கு ஒரு காய்ச்சல், அது மஞ்சள் காமாலையானது, பத்தே நாளில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன்னால் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை. என்னால் பேச முடிந்தது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு உன் வீட்டுக்கு வந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். ஜெபம் முடிந்து டீ கொடுத்தபோது உன் சொந்தக்கார அம்மா ஒருவர் என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "நல்லவதான். அந்தக் கார் சனியன எடுத்து ஒரு பொண்ணு காலை வாங்கிட்டாளே. அந்தப் பாவம்தான் சுத்திக்கிச்சு." உன் மகள் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள். தலை குனிந்திருந்தது. அவளுக்கு இது பழகிப்போன பேச்சு என்று அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

நான் எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "அவ திருப்பல. அவ ஒழுங்காத்தான் ஓட்டினா. நான்தான் ஸ்டியரிங்கப் புடிச்சி இழுத்தேன். மூணு வருஷமா பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

உன் வீட்டுக்காரர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக்கூட சாவி கேட்டா. ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்னா. நான் குடுக்கல." அவர் என்னைத் திட்டவில்லை. உன் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

நானும் என் வீட்டுக்காரரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். உள்ளே வந்ததும், "வாசல்ல நிக்க வெச்சி நான் அவள பேசினதெல்லாம் நீ கேட்டுக்கினுதானே இருந்த?" என்றார். "ஆமா" என்றேன். அந்தத் திரைச்சீலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். நெடுநாள் கழித்துத்தான் முகம் பார்த்துப் பேசினார். இன்றும் பேச்சுக்கு நடுவே சில நேரம் நிறுத்திவிடுகிறார்.

நான்கு மாதம் கழித்து உன் மகள் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். உன்னைப் போலவே நிற்கிறாள், ஒரு தோளைச் சாய்த்து. "எங்கம்மா உங்கள எப்பவாச்சும் திட்டினாங்களா, ஆன்ட்டி?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

"அப்ப நான் திட்டறேன்."

திட்டினாள். வாட்ச்மேன் பார்க்க, ஷிப்ட் விட்டுப் போகிற பெண்கள் பார்க்க, பத்து நிமிடம். கோழை என்றாள். எங்கம்மா தலையில் ஏறி நின்றுதான் நீங்கள் நடந்தீர்கள் என்றாள். குரல் உடைந்தபோதும் நிறுத்தவில்லை. கால் பொருந்திய இடத்தில் எனக்கு வலி ஏறியது. நான் சுவரில் சாயவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா சாவிய என்கிட்ட குடுத்துட்டாரு. லைசென்ஸ் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன்னோடு காரில் வரச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை. அது சரிதான்.

அவள் பேசியதில் ஒரு சொல்லையும் நான் தொலைக்கவில்லை. வேலையில் கை ஓடும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அவை என்னோடு இருக்கின்றன. நீ என்னிடம் ஒருநாளும் சொல்லாத சொற்கள் அவை.