தாய்மாமன் புடவையில் வெள்ளை

ஏனாத்தூர்
3.6.2024

மைத்துனன் தேவேந்திரனுக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்; எழுதுவதில்லை என்று சொல்லவில்லை.

என் மகள் பிரவீனாவின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் சீராக நீ சாயம் போட்டு நெய்வித்துக் கொடுத்த அரக்குப் புடவை வெளுத்திருக்கிறது. முந்தானையில் ஐந்து இடம், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. குறை இருக்கும் என்று முதலிலேயே எனக்குச் சந்தேகம். தினமும் காலையில் முகத்துக்கு மருந்து போட்டதும் பீரோவைத் திறந்து, முந்தானையில் விரல் வைத்துப் பார்த்துவந்தேன். சந்தேகம் வீண்போகவில்லை.

உன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததை நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன். ஜூலை ஏழாம் தேதி நிச்சயத்துக்கு நீ சபைக்கு வரவேண்டாம்.

என் முகத்தைப் பற்றி உன் அக்காவிடம் விசாரித்தாயாம். நாற்பத்தெட்டு வயதில் பரு வந்தவனை ஊரே விசாரிக்கிறது. இரண்டு மாதமாக ஆன்டிபயாட்டிக் மாத்திரை, கூடவே தடவ ஒரு ஜெல். நன்றாகவே குறைந்திருக்கிறது.

லோகேஸ்வரன்

பிள்ளையார்பாளையம்
8.6.2024

மாமாவுக்கு வணக்கம். அக்காவும் பிரவீனாவும் நலமா?

கடிதத்தை நாலு தடவை படித்தேன். மீந்த நூலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நாள் வெயிலிலும் போட்டேன். ஓர் இழை மங்கவில்லை. சாயம் போனால் புடவை முழுக்க இறங்கும் மாமா, புளியங்கொட்டை அளவு பார்த்து இறங்காது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

பிரவீனாவுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நிச்சயத் தட்டில் புடவையை வேறு யாரோ எடுத்துக் கொடுப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பெரியவர் நீங்கள். வராதே என்றால் வரமாட்டேன்.

பரு குறைந்ததில் சந்தோஷம்.

உங்கள்
தேவேந்திரன்

ஏனாத்தூர்
24.6.2024

மச்சான்,

இன்று தோல் டாக்டரிடம் போனேன். முகம் தெளிந்துவிட்டது. மாத்திரையை இன்னும் ஆறு மாதம் தொடரட்டுமா என்று கேட்டேன்.

"மூணு மாசம் போதும் சார். அதுக்கு மேல போட்டா கிருமிக்குப் பழகிடும், அப்புறம் மருந்துக்கு அடங்காது. ஜெல் மட்டும் தடவுங்க."

பிறகு முகம் துடைக்க நான் எடுத்த நீலக் கைக்குட்டையைப் பார்த்தார். அதில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"ஜெல் துணியை வெளுக்கும்னு அன்னிக்கே சொன்னேனே. தடவினதும் கை கழுவுறீங்களா?"

கழுவுவதில்லை.

வீட்டுக்கு வந்து முந்தானையை விரித்து என் விரல்களை வைத்துப் பார்த்தேன். ஐந்தும் பொருந்தின. உன் அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என் தம்பி போட்ட சாயம் அப்படியேதான் இருக்குது. உங்க சாயம்தான் வெளுத்துப்போச்சு" என்றாள். பிரவீனா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. நீ வராமல் தட்டு மாற்றுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் பந்தி விஷயம் வேறு. அதை இதோடு சேர்க்காதே.

லோகேஸ்வரன்

பிள்ளையார்பாளையம்
27.6.2024

மாமாவுக்கு,

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுகிறேன். அதே அரக்குச் சாயத்தைக் கலந்து, சின்னத் தூரிகையோடு எடுத்துவருகிறேன். ஐந்து இடத்திலும் தொட்டு வைத்து ஆவி காட்டினால் சாயம் பிடித்து நின்றுவிடும். அக்கா புடவையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தால் போதும்.

கை மட்டும் தள்ளியே இருக்கட்டும்.

தேவேந்திரன்