பீரோவில் இருக்கும் உன் தலைப் படம்

அக்கா,

இன்றைக்குச் சூரிய கிரகணம். காலையில் என் பேத்தி பீரோவைக் குடைந்து, உன் பழைய ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கப் போகிறாளாம். "ஏய், வெச்சிடுடி! கண்ணு பூடும்" என்று பிடுங்கினேன். கண் மட்டும் காரணம் இல்லை, உனக்குத் தெரியும்.

நீ சைக்கிளிலிருந்து விழுந்தபோது எடுத்த படம் அது. தலைக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. சாதுவான கட்டி, அது பாட்டுக்கு இருக்கும், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். மருமகள் கண்ணில் பட்டால் பயந்துவிடுவாள் என்று எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த என்னிடம் கொடுத்து வைத்தாய். சில வருஷம் கழித்து மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், மருந்து எல்லாம் முடிந்து, முடி முளைத்து, மறுபடி பூ வைத்தாய்.

அப்புறம்தான் தலைவலி. "என்னாடி, காலைல எழுந்தா மண்ட இடிக்குது" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. "பழைய கட்டிதானேக்கா. அதுதான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாங்களே!"

அதை நம்பி ஒரு மாதம் தைலம் தடவிக்கொண்டிருந்தாய்.

வாய் கோணிய அன்று உன் மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் பழைய படம் கேட்கிறார் என்று போன் வந்தது. எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். புதுப் படத்தையும் இதையும் சேர்த்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடம், கட்டி மட்டும் பல மடங்கு பெரிசு. அறுத்தெடுத்துச் சோதித்த பிறகு தெரிந்தது. மார்பிலிருந்த புற்று ரத்தத்தோடு போய், அந்தச் சாதுக் கட்டிக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. எப்போதாவது ஒருவருக்குத்தான் இப்படி ஆகும் என்றார்.

படித்த உன் மகனுக்கே அது புரியவில்லை. தலையில் போட்ட கட்டோடு நீதான் விளக்கினாய். "புரியலையா? குவார்ட்டர்ஸு கம்பெனில பர்மனென்ட்டா இருக்கறவன் பேருல இருக்குது. உள்ள வேற எவனோ பூந்து குடித்தனம் பண்ணிக்கினு இருக்கான்." டாக்டரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான்தான்க்கா கெடுத்தேன்" என்று அழுதேன்.

"அஞ்சாவது படிச்சவ பேச்சக் கேட்டேன் பாரு, எனக்கு வேணும்" என்று கன்னத்தில் இடித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "இனிமே எவகிட்டயும் பழசுதானேன்னு சொல்லாத. போய்க் காட்டுன்னு சொல்லு. நீயும் கூடவே போ."

அதன்பின் ஆறு மாதம் இருந்தாய்.

இப்போது நம் பிளாக்கில் எனக்குப் 'போய்க்காட்டு ஆயா' என்றே பேர். பெருமையாகத்தான் இருக்கிறது. போன மாதம் பின்வரிசைப் பெண் ஒருத்தி, உன்னைப்போல மார்பு ஆபரேஷன் ஆனவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பழைய வலிதான் ஆயா" என்றாள். விடுவேனா? அவளுடைய பழைய படங்களையும் எடுக்கவைத்து, பஸ் ஏற்றிக் கூடவே போனேன். ஒன்றுமில்லை, எலும்புத் தேய்மானம்தான். திரும்பும்போது, "ஒரு நாள் பொழுத வீணடிச்சியே ஆயா" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். உன் வாயால் அந்தத் திட்டை வாங்கியிருக்க வேண்டும் அக்கா, உனக்குத் தலை வலித்த முதல் நாளே.